தேர்ந்தெடுப்பது யார்?

பள்ளியில் ஒரு பாடம், கோவிலில் ஒரு பாடம் என்று நம் பிள்ளைகள் இரண்டு உலகங்களில் வளர்ந்து வருகிறார்கள். உயிரினங்கள் யாவும் நெடுங்காலப் பரிணாமத்தால் உருவாயின என்று உயிரியல் வகுப்பில் படிக்கிறார்கள். இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் கேட்கிறார்கள். தேர்வுத்தாளில் முதலாவதையும் மறைக்கல்விப் போட்டியில் இரண்டாவதையும் எழுதி, இரண்டிலும் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் ஒருநாள், "இவற்றுள் எது உண்மை?" என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்போது பெரியவர்கள் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். விசுவாசம் கேள்விகளுக்கு அஞ்சுகிறது என்ற முடிவுக்கு இளைய உள்ளம் வருவது அந்த நேரத்தில்தான்.

நம் விசுவாசம் இக்கேள்விக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் இதற்குப் பின்னே இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மறைந்து நிற்கிறது. தகுதியற்றவற்றை இயற்கை தள்ளிவிடுகிறது என்றால், மனிதனும் அவ்வாறே செய்யலாமா? நாம் அதிகமாகச் சிந்திக்கவேண்டியது இந்த இரண்டாவது கேள்வியையே. எனினும் முதலாவதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் இரண்டாவதற்குச் செல்ல இயலாது.

பரிணாமம் என்றதும் நம் மனம் டார்வின் சென்ற கலாபகோஸ் தீவுகளுக்கும், குரங்குகளுக்கும் ஓடிவிடுகிறது. அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடையே, நெல்லிக்குப்பத்தைச் சுற்றி விரிந்துகிடக்கும் கரும்புக் கொல்லைகளே போதும். 1840-களிலேயே பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை எழுந்த ஊர் இது. கரும்பின் வாழ்வும் தாழ்வும் இவ்வட்டாரத்து வீடுகளின் வாழ்வும் தாழ்வுமாகவே இருந்து வந்திருக்கின்றன.

கரும்பை நாம் விதை தூவி வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். ஆகவே ஒரே இரகம் நட்ட கொல்லையில் நிற்கும் ஆயிரமாயிரம் கரும்புகளும் உண்மையில் ஒரே செடியின் பிரதிகளே. ஒன்று இனித்தால் எல்லாம் இனிக்கும். ஒன்று நோய்க்கு இரையானால் எல்லாம் இரையாகும். கோ.க. 671 என்னும் இரகத்தை நம் பகுதியின் முதிய உழவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோயம்புத்தூர், கடலூர் என்னும் இரண்டு ஊர்களின் முதலெழுத்துகளையும் தன் பெயரில் தாங்கிய அக்கரும்பு 1980-களில் தென்னகத்தில் பரவலாகப் பயிரிடப்பட்டது. விரைவில் முதிர்வது, சர்க்கரைச் சத்து மிகுந்தது, ஆலைக்கும் உழவருக்கும் ஒருங்கே உகந்தது. ஆனால் செவ்வழுகல் நோய்க்கு முன் அதனால் நிற்க முடியவில்லை. மேலே தோகை மஞ்சளித்து வாடும். கரும்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே செந்நிறம் பாய்ந்து, இடையிடையே வெண்திட்டுகள் குறுக்கே கிடக்கும். புளித்த சாராய நெடி வீசும். நோய் கண்ட கரணையோடும் பாசன நீரோடும் அது கொல்லைக்குக் கொல்லை பரவும். ஒரு காலத்தில் புகழின் உச்சியில் இருந்த அந்த இரகம், இன்று ஆராய்ச்சி நிலையங்களில் செவ்வழுகலுக்கு எளிதில் இரையாகும் கரும்புக்கு எடுத்துக்காட்டாக நட்டுச் சோதிக்கப்படுகிறது.

வடநாட்டிலும் அதே கதை நடந்தது. 2009-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கோ 0238 என்னும் இரகம் சில ஆண்டுகளுக்குள் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. வெளிவந்தபோது செவ்வழுகலை அது ஓரளவு தாங்கி நின்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. கரும்பு மாறவில்லை, நோயை உண்டாக்கும் பூசணம் மாறிவிட்டது.

அப்பூசணம் எவ்வாறு மாறியது என்பதைப் புரிந்துகொண்டால் இயற்கைத் தேர்வைப் புரிந்துகொண்டவர்கள் ஆகிறோம். பூசணம் கோடிக்கணக்கான வித்துகளை ஈனுகிறது. அவை எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. மரபணுக்களில் தற்செயலாக நேரும் சிறு மாற்றங்களால் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடுகின்றன. கரும்பின் காப்பை ஊடுருவ இயலாதவை அழிகின்றன. ஏதோ ஒன்றுக்கு ஊடுருவும் இயல்பு வாய்த்திருந்தால் அது பிழைத்துப் பெருகி, அவ்வியல்பைத் தன் வழித்தோன்றல்களுக்கும் அளிக்கிறது. எங்கும் ஒரே கரும்பு நிற்பதால் அதற்குத் தடையே இல்லை. சில ஆண்டுகளில் கொல்லையெங்கும் அதன் சந்ததியே நிறைந்துவிடுகிறது. பூசணம் திட்டமிடவில்லை, முயலவில்லை, கரும்பின்மேல் அதற்குப் பகையும் இல்லை. வேறுபாடு, மரபுரிமை, அளவுக்கு மிஞ்சிய பெருக்கம், அவற்றுள் சிலவே பிழைத்தல் ஆகிய நான்கும் சேர்ந்தால் காலப்போக்கில் இனம் மாறும். இதுவே இயற்கைத் தேர்வு. பத்தாண்டுகளில் ஒரு பூசணத்துக்கு இது நேருமானால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் உயிர்க்குலம் முழுவதும் எவ்வளவு விரிந்து கிளைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இன்றைய குரங்கு மனிதனாகிவிட்டது என்பது பரிணாமக் கொள்கை அன்று. மனிதனும் குரங்கினங்களும் தொல்பழங்காலத்து முன்னோர் ஒன்றிலிருந்து பிரிந்துவந்த கிளைகள் என்பதே அது கூறுவது.

இக்கொள்கையை 1859-ஆம் ஆண்டு தம் நூலில் விரித்துரைத்த டார்வின், அதன் முதல் இயலில் தொலைதூரக் காடுகளைப் பற்றிப் பேசவில்லை. மனிதர் வளர்க்கும் செடிகளையும் விலங்குகளையும் பற்றியே பேசினார். புறா வளர்ப்போரிடம் பழகி, அவர்கள் விரும்பிய இயல்புள்ள புறாக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து எத்தனை வகைகளை உருவாக்கினார்கள் என்று கண்டார். மனிதர் செய்யும் அத்தேர்வுக்கு ஒப்பாகவே "இயற்கைத் தேர்வு" என்று பெயரிட்டார். ஆனால் அவரைப் போலவே இக்கருத்தைத் தாமாகக் கண்டறிந்த வாலஸ், 1866-இல் அவருக்கு எழுதிய மடலில் ஓர் எச்சரிக்கை தந்தார். தேர்வு என்றால் தேர்வு செய்யும் ஒருவர் அங்கே இருப்பதாக மக்கள் எண்ணிக்கொள்வார்கள் என்பதே அது. ஆகவே ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கிய சொற்றொடரை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தார். டார்வினும் பின்னர் அதைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சொற்றொடர் முந்தியதைவிடப் பெரிய குழப்பத்துக்கு வழிவகுத்தது. தமிழிலும் பலர் அதை "வலியது வாழும்" என்றே வழங்குகிறார்கள். அது பிழை. "தக்கது பிழைக்கும்" என்பதே சரி. தக்கது என்றால் எதற்குத் தக்கது? அவ்விடத்துக்கும் அவ்வேளைக்கும் தக்கது. பிச்சாவரத்தின் உப்பங்கழியில் ஒரு தேக்கங்கன்றை நட்டுப் பாருங்கள், பட்டுப்போகும். தாய்மரத்தில் தொங்கும்போதே விதை முளைவிட்டுக் கீழே சேற்றில் ஊன்றும் சுரபுன்னையோ அங்கே செழித்து நிற்கும். தேக்கு தாழ்ந்த மரம் என்று இதற்குப் பொருளா? மலைச்சரிவில் நடுவோமானால் தீர்ப்பு மாறிவிடும். இயற்கை எதற்கும் மேன்மைப் பட்டம் சூட்டுவதில்லை. எதையும் இழிந்தது என்று ஒதுக்குவதும் இல்லை.

கரும்பின் வரலாறே இதற்குச் சான்று. 1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர் என்னும் ஆங்கிலேயரும், பின்னாளில் சர் பட்டம் பெற்ற நம் டி. எஸ். வெங்கட்ராமனும் ஓர் அரிய முயற்சியில் இறங்கினார்கள். தடித்து, சாறு நிறைந்து, இனித்த "வெள்ளை" என்னும் கரும்பை, ஆற்றோரங்களில் தானே மண்டிக்கிடந்த நாணல் இனத்துக் காட்டுக்கரும்போடு மணம் முடித்தார்கள். காட்டுக்கரும்புக்குச் சாறு இல்லை, பருமன் இல்லை, உழவர் அதைக் களை என்று பிடுங்கி எறிந்தார்கள். ஆனால் உயர்ந்த கரும்பிடம் இல்லாத தாங்கும் வலிமை அதனிடம் இருந்தது. அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் இரகம் 1918-இல் பஞ்சாபுக்கு அளிக்கப்பட்டது. இந்திய நிலமெங்கும் இன்று நிற்கும் கரும்புகளில் அந்த நாணலின் குருதி ஓடுகிறது எனலாம். கட்டுவோர் புறக்கணித்த கல்லைப் பற்றி நாம் திருப்பாடலில் பாடுவது நினைவுக்கு வருகிறது அன்றோ?

இனி முதற் கேள்விக்கு வருவோம். இவையெல்லாம் இறைவனின் படைப்பை மறுப்பனவா? புனித அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடக்க நூலுக்கு விளக்கம் எழுதியபோது, படைப்பின் நாள்களை நம் சூரிய நாள்களாகக் கொள்ளவேண்டியதில்லை என்று கண்டார். காலப்போக்கில் வெளிப்படவேண்டியவற்றை வித்துகள் போல் இறைவன் படைப்பினுள் வைத்தார் என்றும் விளக்கினார். அவர் பெயரைத் தாங்கிய துறவற சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டலே, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலின் விதிகளைக் கண்டவர். டார்வினுக்கு விளங்காதிருந்த மரபுரிமையின் இயக்கத்துக்கு விடையை 1866-இல் அச்சிட்டவர் அக்குருவானவரே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், ஆன்மாவை இறைவனே நேராகப் படைக்கிறார் என்பதைக் காத்துக்கொண்டு, மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராய்வதற்குத் தடையில்லை என்று 1950-இல் அறிவித்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பல துறைகளின் முடிவுகள் ஒரே திசையைக் காட்டுவதால் இக்கொள்கையை வெறும் கருதுகோளாக மட்டும் இனிக் கருத இயலாது என்று திருத்தந்தையின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் அதே கழகத்தில் பேசியபோது, இறைவனை மந்திரக்கோல் ஏந்திய வித்தைக்காரராக எண்ணவேண்டாம் என்று நினைவூட்டினார்.

புனித அக்குவினாஸ் தோமையாரின் வழியில் இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். கொல்லையில் கரும்பு விளைந்தது. மழையால் விளைந்ததா, உழவரால் விளைந்ததா, இறைவனால் விளைந்ததா? மூன்றும் உண்மை. மழையின் பங்கு கூடினால் இறைவனின் பங்கு குறைந்துவிடும் என்பதில்லை. பொங்கல் நாளில் கரும்பைப் பலிபீடத்தருகே சாத்தி நன்றி கூறும் நம் மக்கள், உரமிட்ட கையை மறந்தா கூறுகிறார்கள்? படைப்புப் பொருள்களையே உண்மையான காரணங்களாக இயங்கச்செய்வது இறைவனின் வல்லமைக்கு இழுக்கு அன்று. அதுவே அதன் உயர்வு.

ஆகவே நம் விசுவாசத்துக்கு உண்மையான சோதனை ஆறு நாள் கணக்கில் இல்லை. பிழைத்தவை சில, மடிந்தவை எண்ணில என்னும் கணக்கிலேயே இருக்கிறது. இத்தனை இழப்பின் வழியாகவா அன்பே உருவான இறைவன் படைப்பார்? இக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிட இயலாது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையில் ஆழிப்பேரலை நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு சென்றதைக் கண்டவர்களுக்கு அது ஏட்டுக் கேள்வி அன்று. அன்று பிழைத்தோர் தேர்ந்தெடுக்கப்பட்டோர், இறந்தோர் தள்ளப்பட்டோர் என்று சொல்லத் துணிவோமா? சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று எண்ணியவர்களை இயேசு அழுத்தமாக மறுத்தார் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது. பிழைத்திருத்தல் மேன்மைக்குச் சான்று அன்று; மடிந்துபோதல் இழிவுக்குச் சான்று அன்று. படைப்பனைத்தும் பேறுகால வேதனையில் தவிப்பதாகப் பவுல் அடியார் உரோமையருக்கு எழுதினார். அந்தத் தவிப்பை இறைவன் தொலைவில் நின்று கணக்கெடுக்கவில்லை. உலகின் கண்ணுக்குத் தோற்றுப்போனவராக, சந்ததியின்றி, இளவயதில், சிலுவையில் இறந்த ஒருவரையே தம் மகன் என்று எழுப்பினார். "தக்கது பிழைக்கும்" என்னும் விதிக்கு உட்பட்ட உலகில், பிழைக்காத ஒருவரை நாம் ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறோம். கிறிஸ்தவ விசுவாசத்தின் தனித்தன்மை இதில்தான் உள்ளது.

இங்கிருந்தே இரண்டாவது கேள்விக்கு விடை பிறக்கிறது. மனிதர் மனிதரைத் தேர்ந்தெடுக்கலாமா?

தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன் 1883-இல் "நல்லினவியல்" என்னும் கருத்துக்குப் பெயர் சூட்டினார். கரும்பையும் குதிரையையும் மேம்படுத்துவதுபோல் மனித இனத்தையும் மேம்படுத்தலாம் என்பது அதன் வாதம். அவ்விதை எங்கே முளைத்தது என்பதை உலகம் கண்டது. 1933-இல் ஜெர்மனி, மரபுநோய் உடையோர் எனப்பட்டவர்களைக் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் இயற்றியது. 1939-க்குப் பின் மனவளர்ச்சி குன்றியோரையும் மனநோயாளிகளையும் கொல்லத் தொடங்கியது. நச்சுப்புகை அறைகளில் மட்டும் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அந்தச் சட்டத்துக்கு முன்னரே, 1930-இல், இத்தகைய நல்லினவாதத்தைக் கண்டித்திருந்தார். 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் வான் கேலன் மறையுரை மேடையில் நின்று அக்கொலைகளைப் பகிரங்கமாகச் சாடினார். உற்பத்திக்கு உதவாதவரைக் கொல்லலாம் என்றால், முதுமையிலும் நோயிலும் நம்முள் எவருக்குப் பாதுகாப்பு என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

அது தொலைநாட்டுக் கதை என்று நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நம் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 900-ஐ எட்டவில்லை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை நம் மாவட்டத்துக்கும் நீட்டவேண்டிய நிலை வந்தது. கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994 முதல் இருந்தும் இந்நிலை. பிறக்கவேண்டிய பெண் குழந்தைகளை உப்பங்கழி தள்ளவில்லை, பூசணம் அழிக்கவில்லை. மாமியாரும் மாமனாரும், கணவனும், சில வேளை கண்ணீரோடு தாயும் கூடி அமர்ந்து, வரதட்சணைக் கணக்குப் போட்டு எடுத்த முடிவுகள் அவை. இயற்கைத் தேர்வுக்குக் கண் இல்லை. ஆகவே அதற்குப் பாவமும் இல்லை. நமக்குக் கண் உண்டு. ஆகவே நாம் செய்யும் தேர்வுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும்.

கரும்பைத் தேர்ந்தெடுப்பது ஏன் தவறில்லை, குழந்தையைத் தேர்ந்தெடுப்பது ஏன் பாவம்? கரும்பு ஒரு பயனுக்காக நடப்படுகிறது. அப்பயனைக் கொண்டு அதை அளக்கலாம். மனிதரோ எந்தப் பயனுக்காகவும் படைக்கப்பட்டவர் அல்லர். இறைவன் ஒவ்வொரு மனிதரையும் அவருக்காகவே விரும்பினார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. எதற்கு உதவும் என்று கேட்டு ஓர் உயிரை ஏற்பதும் தள்ளுவதும் அந்த உயிரைக் கரும்பாக்குவதே ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இயற்கையில் கலப்பே வலிமை தருகிறது, ஆகவே மனிதரிடையே சாதி கூடாது என்று சிலர் வாதிடுவார்கள். முடிவு நன்று, வழி நன்றன்று. இயற்கையில் நாணலும் உண்டு, செவ்வழுகலும் உண்டு. இன்று ஒன்றை எடுத்துக்காட்டிச் சமத்துவம் பேசினால், நாளை மற்றொருவர் இன்னொன்றை எடுத்துக்காட்டி அடக்குமுறை பேசுவார். இயற்கை நமக்கு நல்லாசிரியை; ஆனால் அது அறநூல் அன்று. தூய குருதி என்று ஒன்று இல்லை என்பதை உயிரியல் காட்டட்டும், அது உண்மையே. ஆனால் அயலானை மதிக்கவேண்டும் என்பதற்கு அவன் குருதி காரணம் அன்று. அவன்மேல் பதிந்துள்ள இறைச்சாயலே காரணம். கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பி உறவுகளைப் பிரித்த ஒரு சமூகத்துக்கு இது இன்னும் உரக்கச் சொல்லப்படவேண்டியது.

விலங்கினத்தோடு உறவுடையவன் என்றால் மனிதனின் மாண்பு என்னாவது என்று வருந்துவோரும் உண்டு. விவிலியம் நம்மை மண்ணிலிருந்து எடுத்ததாகக் கூறுகிறது. சாம்பல் புதனன்று நெற்றியில் அதை ஏற்றுக்கொள்கிறோம். மண்ணிலிருந்து வந்தோம் என்பதில் வெட்கப்படாத நாம், உயிர்களின் வழியாக வந்தோம் என்பதில் ஏன் வெட்கப்படவேண்டும்? எந்தக் குலத்தில் பிறந்தாய் என்று கேட்டு மதிப்பளிப்பது உலகின் வழக்கம். பிறப்பு அன்று, அழைப்பே மாண்பு என்பது நற்செய்தியின் வழக்கம்.

ஆகவே மறைக்கல்வி ஆசிரியர்களே, பள்ளியில் படித்த பரிணாமத்தைப் பிள்ளைகள் உங்களிடம் கொண்டுவரும்போது அதைப் பிடுங்கி எறியாதீர்கள். தொடக்க நூல் "எப்படி" என்பதற்கு அன்று, "யாரால், எதற்காக" என்பதற்கே விடை தருகிறது என்று அவர்களுக்கு எடுத்துரையுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஓர் உயிர் கருவாகும்போது அது ஆணா பெண்ணா, நிறைவா குறைவா என்று எடைபோடும் தராசைக் கீழே வையுங்கள். இயற்கை தன் வழியில் இயங்கட்டும். அதற்குக் கட்டளை வேறு. நமக்கு இடப்பட்ட கட்டளை, தள்ளப்பட்டவரைத் தேடிச்சென்று சேர்த்துக்கொள்வது. அதற்காகவே நாம் தேர்ந்துகொள்ளப்பட்டிருக்கிறோம்.